வலது கால் மட்டும் வழுக்குது!

அத்தியாயம் 6

ஞாயிறு காலை ஒன்பது மணி நாலு நிமிடத்துக்கு மாரென் டட்டில், ஸ்கீக்கு அடியில் மெழுகு பூசும் அறைக்குள் நுழைந்தாள். நுழைந்தாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கதவை முழங்காலால் இடித்துத் திறந்தாள், பனியில் சறுக்கும் அந்த நீளப் பலகை இரண்டையும் மேசைமேல் போட்டாள், தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி கேலப் பெல்கியின் முகத்தில் எறிந்தாள்.

"வழுக்குது!"

கேலப் தொப்பியை முகத்திலிருந்து எடுத்தான். "பனியில வழுக்கத்தானே ஸ்கீ? வழுக்கலேன்னா அதுக்குப் பேரு செருப்பு."

"வலது கால் மட்டும் வழுக்குதுடா! இடது கால் சொன்ன பேச்சைக் கேக்குது. வலது காலை உதைச்சா காத்தை உதைச்ச மாதிரி பின்னாலயே ஓடுது. ஏத்தத்துல ரெண்டு தடவை மூக்கு குத்த விழுந்துட்டேன். பத்து மணிக்கு ரேஸ்!"

கேலப்புக்கு அடுத்த ஜோக் தொண்டை வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. மாரெனின் கண்ணில் தண்ணீர். நாலு வருடமாக அவளைத் தெரியும், பிர்ச் மரத்தில் மோதியபோதுகூட அவள் அழுததில்லை.

விஷயம் அப்படி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் பந்தயம், பதினாலு கல்லூரிகள், இந்தப் பருவத்தின் கடைசி வாரம். தேசியக் கல்லூரிப் போட்டிக்குப் போகப் பெண்களில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு வெதர்பி கல்லூரியின் மாரெனும் லாக்ரிட்ஜ் கல்லூரியின் ப்ரின் காஸ்டன்கேயும் போட்டி. நேற்று மாலைவரை இருவருக்கும் புள்ளிகள் சமம். இன்றைய இருபது கிலோமீட்டரில் இவர்களில் யார் முன்னால் வருகிறாளோ அவள் போவாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போவாள். மாரெனுக்கு இது நாலாம் வருடம். வீட்டுக்கு என்றால் அப்பாவின் நூற்றிப் பத்து பசுமாடுகளிடம், நிரந்தரமாக.

"நாசவேலை," என்றான் கேலப்.

"அவசரப்படாதே," என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

மெழுகுப் பெட்டிகளின்மேல் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள் அகஸ்டா ராய்ஸ். போன மாதம் வேனில் காணாமல்போன நாலு கையுறைகளையும் கண்டுபிடித்துக் கொடுத்த நாளிலிருந்து அணியின் துப்பறிவாளர். தானாக எடுத்துக்கொண்ட பதவிதான், ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. மாரென் மோதிய அதே பிர்ச் மரத்தில் மூன்று வாரத்துக்கு முன்னால் இவளும் மோதினாள். மணிக்கட்டு போனது, பந்தயமும் போனது. மாவுக்கட்டில் அணியே கையெழுத்துப் போட்டிருந்தது. கேலப் மட்டும் கையெழுத்துப் போடாமல் 'மரம் நலம்' என்று எழுதி வைத்திருந்தான்.

"கோச், மெழுகு எப்படிப் போட்டீங்க?" என்றாள் அகஸ்டா.

மெழுகுக்குப் பொறுப்பான டக் ஃபிஸ்க் நிமிர்ந்தார். காலை நாலரை மணிக்கே எழுந்து, தெர்மாமீட்டரைப் பனியில் குத்தி, பத்து ஜோடி ஸ்கீயை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து மெழுகைத் தேர்ந்தெடுத்த மனிதர். அவரிடம் போய் இந்தக் கேள்வி.

"ரெண்டுலயும் ஒரே மெழுகு. ஒரே கை. ஒரே இஸ்திரிப்பெட்டி. இருபத்திரெண்டு வருஷமா இதான் வேலை எனக்கு. சந்தேகம்னா சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போயிடறேன்."

"போயிடாதீங்க கோச், வேன் சாவி உங்ககிட்டதான் இருக்கு," என்றான் கேலப்.

அகஸ்டா பெட்டியிலிருந்து இறங்கினாள். "யாரோ கெடுத்திருந்தா, கெடுத்தவன் ஏன் ஒண்ணை மட்டும் கெடுத்தான்? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சாஞ்சிருந்திச்சு."

"அரைச் சம்பளத்துக்கு வேலை செஞ்சிருப்பான்."

"டேய். இன்னைக்கு ஸ்டார்ட் லிஸ்ட் வச்சிருக்கியா?"

கேலப் பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அதில் கடலை வெண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒட்டாத மூலையைக் கிழித்து எடுத்தாள் அகஸ்டா. சமமான பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் ஸ்கீயில் ஏறி நிற்கச் சொன்னாள் மாரெனை.

ஸ்கீ நடுவில் வில் மாதிரி லேசாக வளைந்திருக்கும். ஒற்றைக் காலில் முழுக் கனத்தையும் வைத்து உதைக்கும்போது அந்த வில் அமுங்க வேண்டும். அப்போதுதான் நடுவிலுள்ள மெழுகு பனியைக் கவ்வும். அதனால் ஆளின் எடையைப் பார்த்துத்தான் ஜோடி வாங்குவார்கள்.

"இடது காலில் மட்டும் நில்."

பாதத்துக்கு நேர்கீழே ஸ்கீக்கும் பலகைக்கும் இடையில் செருகியிருந்த தாளை அகஸ்டா இழுத்தாள். வரவில்லை. நன்றாகச் சிக்கியிருந்தது.

"வலது கால்."

தாள் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"உன் எடையை இந்த ஸ்கீ மதிக்கவே இல்ல மாரென்," என்றாள் அகஸ்டா. "இது உன்னைவிட கனமான ஒருத்திக்கு வாங்கினது."

"அது என் ஸ்கீதான்! மஞ்சள், இதே கம்பெனி, இதே நீளம். பேர்கூட ஒட்டியிருக்கு பாரு!"

பேர் இருந்தது. இடது ஸ்கீயில் மட்டும்.

எல்லோரும் டக் ஃபிஸ்க்கைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுல ஒட்டினா போதாதா?" என்றார் அவர். "ஒரு ஜோடிக்கு எதுக்கு ரெண்டு டேப்? அதுங்க என்ன விவாகரத்தா வாங்கப்போகுதுங்க?"

"வாங்கிடுச்சுங்க கோச்," என்றான் கேலப். அவன் இரண்டையும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஜோடி என்றால் இரண்டிலும் ஒரே எண்தான் அச்சடித்திருக்கும். இடதில் முடிவு 308. வலதில் 955. "இதுக்குப் புருஷன் வேற எங்கயோ இருக்கான்."

"இன்னொண்ணு பாரு." அகஸ்டா உருப்பெருக்கிக் கண்ணாடி எடுக்கிற தோரணையில் குனிந்தாள், கண்ணாடி எதுவும் இல்லை, தோரணை மட்டும்தான். ஸ்கீயின் மேல்பக்கத்தில், பாதம் பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில், பொன்னிறத்தில் காய்ந்துபோன ஒரு பிசுக்கு. வேகம் எல்லாம் அடியில்தான் என்பது டக் கட்சி. மேல்பக்கத்தை அவர் துடைத்ததே இல்லை.

கேலப் விரலை நனைத்துத் தொட்டு நக்கினான்.

"அது மெழுகா இருந்தா என்னடா பண்ணுவே!" என்று டக் அலறினார்.

"மேப்பிள் பாகு. முதல் தரம். லேசா ஊறுகாய் வாடையும் அடிக்குது."

நேற்று மாலை ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்திலேயே உள்ளூர் தீயணைப்புக்காரர்கள் கடை போட்டிருந்தார்கள். கொதிக்கிற மேப்பிள் மரப் பாகைப் பனிமேல் ஊற்றி மிட்டாயாக்கி, கூட ஒரு டோநட், திகட்டாமலிருக்க ஒரு வெள்ளரி ஊறுகாய். கேலப் நாலு தட்டு சாப்பிட்டான். ஐந்தாவதுக்கு வரிசையில் நின்றபோது டோநட் தீர்ந்துவிட்டது. அந்தச் சோகம் இன்னும் ஆறவில்லை.

"கட்டை விரல் பேர் எழுதின ஸ்கீயில. மத்த நாலு விரலும் இந்த அன்னிய ஸ்கீயில," என்றாள் அகஸ்டா, குரலில் பெருமை வழிய. "அதாவது ரெண்டையும் சேர்த்து ஒத்தக் கையில, வலது கையில பிடிச்சிருக்கான். இன்னொரு கை காலியா இல்ல."

"இன்னொரு கையில டோநட்."

"இருக்கலாம். ஆனா ஆளு அப்புறம். முதல்ல ஸ்கீ. கனமானவளோட ஸ்கீ மாரென்கிட்ட இருக்குன்னா, மாரெனோட ஸ்கீ கனமானவகிட்ட இருக்கு. அது அவ கனத்துக்கு எப்பவும் அமுங்கியே கிடக்கும். மெழுகு பனியில உரசும், இந்த ஈரப் பனி அடியில கட்டி கட்டியா ஒட்டும். அவ என்ன பண்ணுவா?"

"திட்டுவா."

"காலைத் தட்டுவா! வா!"

வெளியே மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒட்டின உடையில் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அப்பா அம்மாக்கள் உற்சாகப்படுத்த மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கேலப் மேலும் கீழும் பார்த்தான்.

"அகஸ்டா, குளிர்ல எல்லாருமே காலைத் தட்டுறாங்க."

"ரெண்டு காலையும் தட்டுறவங்களை விட்டுடு. ஒத்தக் காலைத் தட்டுறவளைத் தேடு."

தேடினார்கள். நீலச் சட்டைப் பெண் ஒருத்தி ஒற்றைக் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேலப் பாய்ந்து போய் அவள் ஸ்கீயைத் தூக்கிப் பார்த்தான். அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தாளம் போட்டிருக்கிறாள். "சாரி, நல்ல பாட்டுதான்," என்று சொல்லிவிட்டு, அவள் கோலை ஓங்குமுன் ஓடிவந்தான்.

ஒன்பது இருபத்தாறு.

அடுத்து ஒரு சிவப்புச் சட்டை. மூச்சிரைக்க ஏற்றத்தில் ஏறி வந்து நின்று, இடது காலால் தரையை உடைத்துவிடுகிற மாதிரி உதைத்தாள். டம். டம். டம். நாலு எட்டு வைத்தாள். மறுபடி டம். டம்.

"வலது கால்?" என்றாள் அகஸ்டா மூச்சை அடக்கிக்கொண்டு.

"சமத்தா இருக்கு." கேலப்பின் குரல் இறங்கியது. "ஆனா அது யாருன்னு பாத்தியா?"

ப்ரின் காஸ்டன்கே. லாக்ரிட்ஜ். இந்த மைதானத்தில் யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேட்கலாம், இவள் ஒருத்தியைத் தவிர.

அவர்கள் வாயைத் திறக்குமுன் அவள் திறந்தாள்.

"வெதர்பிதானே நீங்க? என் ஸ்கீய என்னடா பண்ணீங்க? நேத்துவரைக்கும் பறந்துது. இன்னைக்கு இடது கால்ல யாரோ பிடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு!"

"நாங்க உன்னைத்தான் கேக்க வந்தோம்," என்றான் கேலப்.

"என்னையா? நான் எதுக்கு உங்க ஸ்கீயத் தொடணும்? எங்க ட்ரக்குல இன்னும் மூணு ஜோடி இருக்கு!"

அகஸ்டா குனிந்து அவள் இடது ஸ்கீயின் எண்ணைப் பார்த்தாள். முடிவு 308. வலதில் 955, கூடவே 'காஸ்டன்கே' என்று டேப். டேப் விஷயத்தில் பணக்கார லாக்ரிட்ஜும் கஞ்சம்தான்.

மூன்று நிமிடத்தில் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் லாக்ரிட்ஜ் கோச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரிந்துவிட்டது. உயரமான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ப்ரின், ட்ரக்குலேர்ந்து வேற ஜோடிய எடுத்துக்கோ. இந்தப் பிரச்சினைய ரேஸ் முடிஞ்சப்புறம் நிதானமா பேசித் தீர்த்துக்கலாம்."

கேலப்புக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நன்றாகவே புரிந்தது. ப்ரின்னுக்கு மூன்று ஜோடி இருக்கிறது. மாரெனிடம் இருப்பது இன்னும் ஒன்று, கடும் குளிருக்கான பழைய ஜோடி; இந்த ஈரப் பனியில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதும் முதுகில் ஒரு பசுமாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒன்று. இரண்டு ஸ்கீயும் ஒத்த ஜோடி கிடைக்காவிட்டால் மாரென் கதை இங்கேயே முடிந்தது.

மாரென் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். 955-ஐ இரண்டு கையாலும் நீட்டினாள், அவ்வளவுதான்.

ப்ரின் அதை வாங்கவில்லை. "இருங்க கோச். எனக்கு ஒண்ணு தெரியணும். இது வேணும்னு பண்ணதா, தெரியாமப் பண்ணதா? யாரு பண்ணாங்கன்னு பேர் சொன்னா, ஸ்கீய இப்பவே கழட்டித் தரேன். சொல்லலேன்னா அது எங்க ட்ரக்குலயே கிடக்கும்."

ஒன்பது முப்பத்திரெண்டு.

அகஸ்டாவின் முகம் மலர்ந்தது. போன மாதத்திலிருந்து இதற்குத்தானே காத்திருந்தாள்: சுற்றி ஒரு கூட்டம், நடுவில் அவள்.

"ஆள் நேத்து சாயந்திரம் மேப்பிள் கடையில இருந்திருக்கான்," என்று ஆரம்பித்தாள், முன்னும் பின்னும் நடந்தபடி. "தின்னுட்டு கையைத் துடைக்கல. அலட்சியக்காரன். ஸ்கீய கடைக்குப் பக்கத்துப் பனிமேட்டுல குத்தி வச்சிருக்கான். அங்கேயே ப்ரின்னோடதும் குத்தியிருந்துது, சரியா ப்ரின்?"

"ஆமா. டோநட் வரிசையில நின்னேன்."

"நாலு மஞ்சள் ஸ்கீ. பேர் இருக்கறத ஒண்ணு எடுத்தான். பக்கத்துல இருக்கறது ஜோடின்னு நினைச்சு அதையும் சேர்த்துப் பிடிச்சான். எண்ணைப் பாக்கல. ஏன் பாக்கல? கர்வம்! தான் தப்பே பண்ண மாட்டோம்னு நினைக்கிற ஆளு. ரெண்டையும் ஒத்தக் கையில தூக்கியிருக்கான். அவன் இடது கை அப்போ—"

"ஒரு நிமிஷம்," என்றாள் ப்ரின். "நேத்து மாரெனோட ஸ்கீய ஃபினிஷ்லேர்ந்து தூக்கிட்டுப் போனது யாரு?"

தூரத்தில் ஒரே ஒரு மாட்டு மணி மட்டும் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்வியை யாருமே இதுவரை கேட்கவில்லை என்பது கேலப்புக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட அகஸ்டா, கைரேகை வரை பார்த்த அகஸ்டா, இதை மட்டும் கேட்கவில்லை. நேற்று ஃபினிஷில் மாரென் சுருண்டு விழுந்தாள். யாரோ அவள் காலிலிருந்து ஸ்கீயைக் கழற்றினார்கள். மாரென் ஓடி உடம்பைத் தளர்த்தப் போய்விட்டாள். டக் மெழுகு அறைக்கு வந்தபோது ஸ்கீ சுவரில் சாய்ந்திருந்தது. கேலப் வரிசையில் நின்றிருந்தான்...

அவன் கண் தானாக இறங்கியது. மாவுக்கட்டு. இடது கை. அதில் அவன் எழுதி வைத்தது: 'மரம் நலம்.'

"அகஸ்டா," என்றான் மெல்ல. "அவன் இடது கையில டோநட் இல்ல போலிருக்கே."

அகஸ்டாவின் வாய் திறந்திருந்தது. முதலில் காது சிவந்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் மூக்கு நுனி. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், யாரோ இப்போதுதான் பொருத்திவிட்டுப் போன மாதிரி.

"நான்தான் தூக்கிட்டு வந்தேன்," என்றாள். "நானே தூக்கிட்டு வந்ததால அந்த வழிய நான் சந்தேகப்படவே இல்ல."

"அலட்சியக்காரன்," என்றான் கேலப்.

"சும்மா இருடா."

"கர்வம் பிடிச்சவன்."

"டேய்!"

அப்புறம் அகஸ்டா ப்ரின் பக்கம் திரும்பினாள். குரலில் தோரணை எதுவும் மிச்சமில்லை. "வேணும்னு பண்ணல. சத்தியமா. ஆனா பண்ணது நான். கோவத்த என்மேல காட்டு. மாரெனுக்கு எதுவும் தெரியாது. அவகிட்ட வேற ஸ்கீயும் இல்ல."

ப்ரின் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"மாவுக்கட்டு... வரிசையில எனக்கு முன்னால நின்னு, கடைசி டோநட்ட வாங்கிட்டுப் போனது நீதானே?"

"...ஆமா."

"அதுக்குத்தாண்டி நேத்துலேர்ந்து எனக்குக் கோவம்!" ப்ரின் வெடித்துச் சிரித்தாள். சிரிப்பில் நிலைதடுமாறி அவள் கோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான் மிச்சமிருந்த ரெண்டையும் பாக்காம உருவிட்டுப் போனேன். டோநட் கிடைக்காத துக்கம்."

"ப்ரின், யோசிச்சுப் பண்ணு," என்றார் கோச். "அந்த இடம்—"

"யோசிச்சாச்சு கோச். அரை ஸ்கீயில ஓடறவளை ஜெயிச்சா ஊர்ல போய் என்னன்னு சொல்றது?" குனிந்து இடது காலை விடுவித்து 308-ஐ மாரெனிடம் நீட்டினாள். "இந்தா. முழுசா ஓடு. முழுசா தோத்துப் போ."

"முழுசா ஓடறேன்," என்றாள் மாரென். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மெழுகு அறையில் புதுப் பிரச்சினை. திரும்பி வந்த ஸ்கீயின் அடியில் இருந்தது லாக்ரிட்ஜின் மெழுகு. எந்தக் கல்லூரியும் தன் மெழுகு என்னவென்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லாது. டக் ஃபிஸ்க் கதவைச் சாத்தினார், சுரண்டிக் கொஞ்சம் எடுத்தார், மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு தடவை மோந்தார்.

"அடப்பாவிகளா."

"என்ன கோச்? ஏதாவது புதுசா?"

"அதே நீல டப்பா." அவருக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. "மூணு மாசமா நான் ஜன்னலுக்குத் திரை போட்டு ஒளிச்சு வச்சது. அவனுங்களும் திரை போட்டு அதையேதான் போட்டிருக்கானுங்க."

சுரண்டி மறுபடி பூச வேண்டிய வேலையே இல்லை. ஒன்பது ஐம்பத்தாறுக்கு மாரென் கோட்டில் நின்றாள், 308-உம் 308-உம். ஐந்து பேருக்கு அப்பால் ப்ரின், 955-உம் 955-உம். டேப் இப்போது நாலிலும் ஒட்டியிருந்தது. டக் தன் கையாலேயே கிழித்துக் கொடுத்தார். கிழிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துப்பாக்கி வெடித்தது.

அடுத்த ஒரு மணி நேரம் கேலப் காட்டுக்குள் வழிக்கு வழி குறுக்கே ஓடினான், தொடை வரை பனியில் புதைந்தான், யாரோ ஒரு அம்மாவின் மாட்டு மணியைப் பிடுங்கி ஆட்டினான், திருப்பிக் கொடுக்க மறந்தான். மாரென் உதைத்தாள், வலது கால் கவ்வியது. உதைத்தாள், இடது கால் கவ்வியது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ப்ரின் முன்னால். பதினைந்தில் மாரென். பதினெட்டில் இருவரும் ஒரே மூச்சு. கடைசி இறக்கத்தில் அந்த பிர்ச் மரம் வந்தது. இரண்டு பேரும் அதற்கு நல்ல இடைவெளி விட்டார்கள்.

ஃபினிஷில் இரண்டு ஜோடி மஞ்சள் ஸ்கீயும் ஒன்றாக நீண்டன. இருவரும் கோட்டைத் தாண்டி பனியில் சரிந்தார்கள். யார் முன்னால் என்று யாருக்கும் தெரியவில்லை. புகைப்படம் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம். கேலப்புக்கு அது இரண்டு பருவம்.

ஒலிபெருக்கி கரகரத்தது. இந்தப் பந்தயத்தில் பூட்ஸின் நுனியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு பூட்ஸ் நுனி வித்தியாசத்தில்... மாரென் டட்டில், வெதர்பி!

அகஸ்டா கத்திய கத்தலில் தீயணைப்புக்காரர் ஒருவர் பாகுச் சட்டியைக் கீழே போட்டார்.

மாரென் எழவில்லை. மல்லாந்தபடியே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கிடந்தாள். பக்கத்தில் ப்ரின் வானத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கினாள். கையை நீட்டி மாரெனின் கையைத் தேடிப் பிடித்து, ஒரு தடவை அழுத்தினாள். அவள் கண்ணும் ஈரம்தான். ஆனால் அதை யாரும் பார்க்கவேண்டாம் என்று கேலப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பழக்க தோஷம். அகஸ்டா குனிந்து, மாரெனின் காலிலிருந்து ஸ்கீயைக் கழற்ற வலது கையை நீட்டினாள்.

"தொடாத!" என்று தரையில் கிடந்த இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அகஸ்டா கையை உதறிப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ப்ரின் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "பேனா இருக்கா?"

கேலப்பிடம் இருந்தது. ப்ரின் அகஸ்டாவின் மாவுக்கட்டை மடியில் இழுத்து வைத்து, 'மரம் நலம்' என்பதற்குக் கீழே, பெரிய எழுத்தில் எழுதினாள்:

'அடுத்த தடவை திருடினால், இரண்டையும் திருடு.'